தாகத்துக்கு மட்டுமா தண்ணீர்?

சேரியில் பிறந்த ஒருத்தி சும்மா குளிக்கப் போகலாமா? அழுக்குப் போக இல்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்த தீட்டுக் கழிக்க இல்லை. நேர்த்திக்கடனுக்கும் இல்லை. சும்மா, தண்ணியில் கிடக்கிற சந்தோஷத்துக்காக.

கேட்பதற்கு விளையாட்டுக் கேள்வி போலத் தெரியும். ஆனால் போன கோடையில் எங்கள் படிப்பு வட்டம் இந்தக் கேள்வியால் இரண்டாகப் பிரிந்து நின்றது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகள் பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனேன். அதில் ஒன்பது பேர் பெண்கள். காலையில் டச்சுக்காரன் கோட்டை இருந்த இடத்தையும் கல்லறைகளையும் பார்த்தோம். மத்தியானம் ஏரியில் இறங்கிக் குளித்தோம். நடந்தது அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். "இன்னா தோழர், நம்ம ஜனம் சோத்துக்கே லாட்டரி அடிக்குது. குடிக்கத் தண்ணி இல்லன்னு லாரி பின்னாடி குடத்தத் தூக்கினு ஓடுது. நீங்க இன்னாடான்னா பொம்பளப் புள்ளைங்கள இட்டுக்கினு போய் நீச்சல் கத்துக் குடுத்துட்டு வர்றீங்க. இது இன்னா அரசியல்?" என்று கேட்டார்.

முப்பது வருஷமாகக் குடிதண்ணீர்க் குழாய்க்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் தாசில்தார் ஆபீஸ் வாசலில் நின்றவர் அவர். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. கூட்டத்தில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கரையிலிருந்து தொடங்க வேண்டும். வெளியூர்த் தோழர்கள் வந்தால், "கடலோரம் இருக்கீங்க, உங்களுக்கு என்ன" என்பார்கள். கடல் இருக்கிறது, கரைதான் இல்லை. சென்னைத் துறைமுகம் கட்டும் வேலை 1876இல் தொடங்கியது. இந்தக் கடலோரத்தில் மணலின் ஓட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. மறிபட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வந்து சேராததால் இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. குப்பங்கள் பின்னால் நகர்ந்தன. கடைசியில் லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டிச் சுவர் வைத்தார்கள். நகரத்தின் ஒரு பாதி சாயங்காலம் காற்று வாங்குகிற மணல் இன்னொரு பாதிக்கு வந்து சேராமல் போன மணல். சேரியை ஒழிக்க வேண்டும் என்று யாரும் அந்தச் சுவரைக் கட்டவில்லை. ஆனால் சுவரால் வரும் நஷ்டம் எந்தப் பக்கத்து ஜனத்தின் மேல் விழுகிறது என்று யாரும் கவலைப்படவும் இல்லை.

அந்தக் கருங்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் நடுவில் தேங்குகிற குட்டைகளில்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் நீச்சல் பழகினார்கள். பிள்ளைகள் என்றால் பையன்கள். நாங்கள் கல்லின்மேல் உட்கார்ந்து அவர்கள் கழற்றிப் போட்ட சட்டைகளுக்குக் காவல் இருப்போம்.

என் ஆயா எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர். வேலை முடிந்து உடம்பில் ஒட்டின உப்பைக் கழுவக் கொசஸ்தலை ஆற்றில் இறங்குவார்களாம். "கழுத்து வரைக்கும் தண்ணி நிக்கும், குனிஞ்சு பாத்தா கால் வெரலு தெரியும்டி" என்பார். எழுபதுகளில் எண்ணூரில் அனல் மின்நிலையம் வந்தது. அதை 2017இல் மூடினார்கள். அதற்கு முன்பே, 1994இல், வடசென்னை அனல் மின்நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் கொண்டுபோனார்கள். குழாய் உடைந்த இடத்திலெல்லாம் ஆறு சாம்பல் குடித்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம். 2017 ஜனவரியில் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய், இந்தத் தடவை ஆற்றிலேயே வந்தது. கழிமுகத்தில் இன்று கால் வைத்தால் சேறு எது சாம்பல் எது என்று பிரிக்க முடியாது.

தீட்டு என்ற சொல்லையும் மாசு என்ற சொல்லையும் இந்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீட்டு என்றால் நம் உடம்பு பட்டுத் தண்ணீர் கெட்டுப்போகும். அதனால் எட்டி நில் என்றார்கள். மாசு என்றால் தண்ணீர் பட்டு நம் உடம்பு கெட்டுப்போகும். அதனால் எட்டி நில் என்கிறார்கள். முதலாவது பொய், இரண்டாவது உண்மை. ஆனால் இரண்டு தடவையும் கரையில் நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரே ஜனங்கள். கல்லுக் குட்டையில் பழகியவர்களையும், பழகவே வாய்ப்பில்லாத பெண்களையும் நல்ல தண்ணீரில் ஒரு நாளாவது இறக்க வேண்டும் என்று நினைத்தேன். பழவேற்காட்டுக்குப் போனது அதனால்தான்.

மின்சார ரயிலில் பொன்னேரி போய், அங்கிருந்து பஸ். பழவேற்காடு சின்ன ஊர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இந்த ஏரி. டச்சுக் கம்பெனி இங்கே 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரைக்கு அதுதான் தலைமை இடம். பின்னால் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825இல் ஊர் வெள்ளைக்காரக் கம்பெனியின் கைக்கு வந்தது. கோட்டை இருந்த இடம் இப்போது புதர். கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கின்றன. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள். உள்ளே குடும்பச் சின்னமும் எழுத்தும் பொறித்த கனமான கற்கள்.

சுற்றுலாக் கையேடுகள் மசாலாவையும் துணியையும் பேசும். இன்னொரு சரக்கும் இங்கிருந்து போனது. பஞ்சத்தை ஒட்டிய 1622, 1623 ஆகிய இரண்டு வருஷங்களில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து 1,900 பேருக்கு மேல் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் கணக்கு எழுதினார்கள். பஞ்சத்தில் முதலில் விற்கப்படுவது யார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. துண்டு நிலம் இருப்பவன் முதலில் நிலத்தை விற்பான். நிலமே இல்லாதவனிடம் விற்க உடம்புதான் இருக்கும். செத்த டச்சுக்காரனுக்குப் பெயர் வெட்டின கல் இருக்கிறது. விற்கப்பட்ட 1,900 பேருக்கு ஒரு செங்கல்லும் கிடையாது.

இதைச் சொல்லிக்கொண்டு கரைக்கு நடந்தபோது கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, அவங்கள இந்தத் தண்ணி வழியாத்தான ஏத்தினு போயிருப்பாங்க? இதுலயா நாம குளிக்கப் போறோம்?" தோழர் கேட்ட கேள்விக்கு முன்னாலேயே வந்த கேள்வி இது. தேவை இருக்கும்போது சந்தோஷம் தகுமா என்று அவர் கேட்டார். துக்கம் இருக்கும்போது சந்தோஷம் தகுமா என்று இவள் கேட்டாள். இரண்டுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏரிக்கரையில் படகுச் சவாரி இல்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாக வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. நாங்கள் கரையோரம் இறங்க இடம் பார்த்துக்கொண்டிருந்தோம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். திருவொற்றியூர் என்றோம். "அது சரி, எந்த ஆளுங்க?" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்பது போலத்தான் கேட்டார். எங்களில் ஒரு பையன், "மனுஷ ஆளுங்கதான் பெரியவரே" என்றான். பெரியவர் சிரித்தார். ஆனால் நாங்கள் தண்ணீரில் இறங்கும்வரை பார்வையை எடுக்கவில்லை.

எங்களுக்கு இடம் காட்டியது ஒரு இருளர் அக்கா. "இந்தாண்ட எறங்குங்க. அந்தாண்ட மடு, காலு வெச்சா உள்ள இஸ்துக்கும்" என்றார். ஏரி பெரும்பாலும் ஆழமில்லை, இடுப்பளவுதான். ஓட்டம் குடைந்த மடு எங்கே இருக்கிறது என்பது கரையில் நின்று பார்த்தால் தெரியாது. காலால் தடவித் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் தெரியும். அந்த அக்காவுக்கு அது கைரேகை மாதிரி. பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பது அவர்கள் தொழில். வலை கிடையாது, படகு கிடையாது. இருளர் பெண்களும் சேரிப் பெண்களும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

ஏன் வலை இல்லை? பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. நல்ல இறால் கிடைக்கிற இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று இந்தக் குப்பம், நாளை அந்தக் குப்பம். யாருக்கு எந்த இடம் என்பது குலுக்கலில் விழும். சண்டை இல்லை, சர்க்கார் இல்லை, ஏரியும் அழியாது. பொதுச் சொத்தை ஜனங்களே காப்பாற்றும் அருமையான மரபு என்று ஆராய்ச்சியாளர்கள் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். பாராட்ட வேண்டியதும் அதில் இருக்கிறது. ஆனால் குலுக்கலில் பெயர் போட வேண்டுமென்றால் குறிப்பிட்ட குப்பத்தில், பட்டினவர் சாதியில், ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். குலுக்கல் நியாயமாகவே நடக்கிறது. நம் பெயர்தான் அந்தக் குடத்தில் இல்லை. 'பொது' என்ற சொல்லைக் கேட்டால் தலித்துகள் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஊர்ப் பொது, ஊர்க் கிணறு, ஊர்க் குளம் என்றபோதெல்லாம் அந்த 'ஊர்' நம்மை விட்டுவிட்டுத்தான் தன்னை எண்ணியது.

பட்டினவர்களும் நசுக்கப்படுகிறவர்கள்தான் என்பதை மறக்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிக்கும் திட்டத்தை எதிர்த்து எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் கொடி பிடித்தவர்கள் அவர்கள். துறைமுகம் விரிந்து முகத்துவாரம் கெட்டால் பாடும் இருக்காது, கைப்பிடி இறாலும் இருக்காது. அந்தப் போராட்டத்தில் நாம் அவர்களோடு நிற்க வேண்டும், நிற்கிறோம். ஆனால் காப்பாற்றப்போகிற ஏரி யாருடைய ஏரி என்ற கேள்வியை அதற்காகத் தள்ளிப்போட முடியாது.

குளித்து முடித்துக் கரையேறி அந்த அக்காவிடம் கேட்டேன்: "தினமும் ஏரியிலயே கெடக்குறீங்களே, என்னைக்காவது சும்மா நீந்தியிருக்கீங்களா?" அவர் யோசித்தார். "தண்ணிக்குள்ள எறங்கினா கை தானா சேத்தத் தடவும்மா. சும்மா எப்படி எறங்குறது?" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, "எம் பொண்ணு நீந்துவா. யாரும் இல்லாத நேரமாப் பாத்து" என்று சேர்த்துக்கொண்டார்.

தோழருக்கு என் பதில் இந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. ஏரியின் ஆழம் முழுக்கத் தெரிந்த ஒரு மனுஷிக்கு ஏரியில் வேலை உண்டு, விளையாட்டு இல்லை. அவர் மகளுக்கு விளையாட்டு உண்டு, ஆனால் யாரும் பார்க்காதபோது மட்டும். இந்தக் குறை குடிதண்ணீர்க் குழாய் போட்டால் தீராது.

நம் இயக்கங்கள் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் தேவையைப் பேசுகின்றன. தாகம், சமையல், சுகாதாரம். பேசத்தான் வேண்டும். ஆனால் தேவைக்கு ஒரு குணம் இருக்கிறது. சமத்துவம் தராமலே தேவையைத் தீர்த்துவிட முடியும். தனிக் குவளை கொடுத்தாலும் டீ குடிக்கலாம். காலனிக்குத் தனித் தொட்டி கட்டினாலும் தாகம் அடங்கும். சர்க்கார் செய்துகொண்டிருப்பது அதைத்தான். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. யார் கலந்தது என்று எல்லோரும் கேட்டோம். அதற்கு முந்தின கேள்வியைக் குறைவாகவே கேட்டோம். அவ்வளவு சிறிய ஊரில் தலித்துகளுக்கென்று தனியாக ஒரு தொட்டி ஏன் நின்றது? தேவையைத் தீர்க்கக் கட்டப்பட்ட தொட்டி, பிரிவினையையும் சேர்த்துத்தான் மேலே தூக்கி நிறுத்தியது.

நீச்சல் அப்படியில்லை. குளத்துக்குள் குவளை வைக்க முடியாது. என் உடம்பைத் தொட்ட தண்ணீர் அடுத்தவள் உடம்பைத் தொடும். அதற்கு நடுவில் கோடு கிழிக்க எவனாலும் முடியாது. கோடு கிழிக்க முடியாத இடம் என்பதால்தான் அங்கே கொலையே விழுகிறது.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்து ஏரியில் வெள்ளையருக்கு ஒரு கரை, கறுப்பருக்கு ஒரு கரை என்று வழக்கம் இருந்தது. தண்ணீரில் கயிறும் இல்லை, சட்டத்தில் எழுத்தும் இல்லை. 1919 ஜூலை 27 அன்று யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் மிதவையில் மிதந்துகொண்டே அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டிவிட்டான். ஒரு வெள்ளையன் கல்லெறிந்தான். பையன் மூழ்கிச் செத்தான். கல்லெறிந்தவனைப் போலீஸ் கைது செய்யவில்லை. தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் உயிர் போனது. அவன் ஓட்டுக் கேட்கப் போகவில்லை, வேலை கேட்கப் போகவில்லை. வெயிலுக்கு மிதக்கப் போனான்.

பழவேற்காடு போலவே பழைய காலனி ஊர் ஒன்று அங்கே உண்டு. புளோரிடாவில் ஸ்பானியர்கள் 1565இல் அமைத்த செயின்ட் அகஸ்டின். 1964 ஜூன் 18 அன்று அங்கே ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து இறங்கினார்கள். விடுதி மேலாளர் அவர்கள் நீந்திக்கொண்டிருக்கும்போதே குளத்தில் அமிலத்தை ஊற்றினார். மிசிசிப்பியின் ஜாக்சன் நகராட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. எல்லோரையும் சேர்த்து விட வேண்டும் என்று வந்ததும் நகராட்சிக் குளங்களையே மூடிவிட்டது. அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் சொன்னது. உன்னோடு சேர்ந்து குளிப்பதைவிட எனக்கும் குளியல் வேண்டாம் என்ற மனசு அது. நமக்கு அந்த மனசு புதிதல்ல.

மகத்தில் என்ன நடந்தது? பொதுக் குளங்களைத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகத் நகராட்சியும் ஒத்துக்கொண்டது. தாள் அளவில் உரிமை கிடைத்துவிட்டது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பிறகு அந்தக் குளத்தில் 108 குடம் பால், தயிர், சாணி, மாட்டு மூத்திரம் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். அங்கே அமிலம், இங்கே சாணி. அந்த டிசம்பரில் மறுபடி கூடியபோது அம்பேத்கர் சொன்ன வாதம் முக்கியமானது. இந்தக் குளத்துத் தண்ணீர் குடிக்காததால் நாம் செத்துப்போகவில்லை, குடித்தால் சாகாவரம் கிடைக்கப்போவதும் இல்லை, நாமும் மனிதர் என்று நிலைநாட்டத்தான் போகிறோம் என்ற பொருளில் அவர் பேசினார். தாகம் என்ற வாதத்தை அவரே ஒதுக்கிவைத்தார். தாகம் என்றால் தனிக் குளம் வெட்டிக் கொடுத்து முடித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நம் மாகாணத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் எல்லாவற்றிலும் நமக்கு உரிமை கேட்டது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம் என்று சொல்லி நிறுத்தவில்லை. குளிக்கும் துறைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். குடிக்கிற உரிமையோடு குளிக்கிற உரிமையும் அங்கே இருக்கிறது. அந்தப் பாதியை எடுத்துப் பேசுவதை நாம்தான் விட்டுவிட்டோம்.

தமிழ் படித்தவள் என்பதால் இலக்கியத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். வகுப்பில் எங்களுக்குப் பரிபாடலின் வையைப் பாடல்களைச் சுவை சொட்டச் சொட்ட நடத்தினார்கள். புதுவெள்ளம் வருகிறது, மதுரையே திரண்டு போகிறது, சந்தனமும் பூவும் தண்ணீரில் மிதக்கின்றன. தமிழர் நீர் விளையாட்டின் பெருமை என்றார்கள். அதே சங்க இலக்கியத்தில் புறநானூற்று 311ஆம் பாட்டில் ஒரு புலைத்தி வருகிறாள். களர் நிலத்தில் கிணறு தோண்டித் தினமும் யாருடைய வெள்ளைத் துணியையோ துவைக்கிறாள். அந்தப் பாட்டு அவளைப் பற்றியதுகூட இல்லை, அந்தத் துணியை உடுத்துகிற தலைவனைப் பற்றியது. மதுரைக்காரர்களுக்குப் புதுப்புனல். அவளுக்குக் களர்க் கிணறு. நீராடல் என்ற சொல்லில் அவள் இல்லை, வெளுத்தல் என்ற சொல்லில்தான் இருக்கிறாள். இறால் தடவுகிற அக்காவுக்கு அவள் பாட்டி முறை.

நந்தன் கதையைப் பக்திக் கதையாக அல்லாமல் தண்ணீர்க் கதையாகப் படித்துப் பாருங்கள். பெரியபுராணத்தின்படி திருப்புன்கூரில் பள்ளமாகக் கிடந்த இடத்தைத் தோண்டிக் குளமாக்கியவர் நந்தனார். குளம் வெட்டினவர் தில்லைக்குள் நுழைய எதில் முழுகச் சொன்னார்கள்? நெருப்பில். மண் சுமக்க அவர் கை தீட்டில்லை. அந்தக் கையோடு உள்ளே வரத்தான் தீட்டு.

துக்கத்தைப் பற்றி அந்த மாணவி கேட்டதற்கு வருகிறேன். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மனுக் கொடுக்க ஊர்வலமாக வந்தவர்களைப் போலீஸ் தடியால் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயசுக் குழந்தை ஒன்று. 2018 அக்டோபரில் அதே ஆற்றில் புஷ்கரம் நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் முழுக்குப் போட்டார்கள். போலீஸ் இந்தத் தடவை குளிக்க வந்தவர்களுக்குக் காவல் நின்றது. ஆறு மாறவில்லை, இறங்கிய ஆட்கள்தான் வேறு.

அதனால் நாம் தாமிரபரணியில் கால் வைக்கக் கூடாதா? அப்படிப் பார்த்தால் நமக்கு எந்தத் தண்ணீர் மிஞ்சும்? கப்பலேற்றின கடல் வேண்டாம், சாகடித்த ஆறு வேண்டாம், விரட்டின குளம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால், நம்மை விரட்டியவர்களுக்கு அவர்கள் கேட்டதற்கும் மேலே கொடுத்தவர்களாவோம். அவர்களுக்கு அந்தத் தண்ணீரில் எந்தத் துக்கமும் இல்லை, குளித்துக்கொண்டுதான் இருப்பார்கள். விற்கப்பட்ட 1,900 பேர் இந்தக் கரையில் சிறு பிள்ளையாக இருந்தபோது தண்ணீரில் ஆடாமலா இருந்திருப்பார்கள்? அவர்களிடமிருந்து பறித்ததில் அந்த ஆட்டமும் ஒன்று. அவர்களை நினைத்துக்கொண்டே அந்தத் தண்ணீரில் இறங்குவது அவர்களுக்கு அவமரியாதை என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணிடம், "அவங்க பேர் நமக்குத் தெரியாது, நீ இறங்கு, உன் பேரச் சொல்லி இறங்கு" என்று மட்டும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கரையிலேயே நின்றாள். பிறகு இறங்கினாள்.

சந்தோஷத்தைப் பேசினால் போராட்டம் நீர்த்துப்போகும் என்ற பயம் தோழருக்கு இருக்கிறது. தீம் பார்க்குக்கு டிக்கெட் வாங்கி, செயற்கை அலையில் ஆடிவிட்டு, விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைக்கிற ஆபத்து உண்டுதான். காசு கொடுத்துத் தனியாக வாங்குகிற சந்தோஷத்தை நான் பேசவில்லை. ஊர்க்குளத்தில், ஊர் பார்க்க, பட்டப்பகலில், கூட இறங்குகிறவன் எந்த ஆள் என்று யாரும் கேட்காமல் குளிப்பதைப் பேசுகிறேன். அதற்கு டிக்கெட் இல்லை, போராடித்தான் வாங்க வேண்டும். பசியாற்றுவது கருணையால்கூட நடக்கும். நம்மைத் தொடவே கூசுகிறவன் நமக்கு அன்னதானம் போடுவான். நம்மோடு ஒரே துறையில் முங்கி எழ மாட்டான். எனவே ஒரு ஊரில் சாதி எவ்வளவு செத்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ரேஷன் கடையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் சித்திரை வெயிலில் எங்கே, யார் யாரோடு குதிக்கிறார்கள் என்று பாருங்கள். பெண் பிள்ளைகள் இறங்குகிறார்களா, கரையில் சட்டைக்குக் காவல் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். நம் தெருவிலும் இதைக் கேட்க வேண்டும். சேரிப் பையனுக்குக் கிடைத்த கல்லுக் குட்டைகூடச் சேரிப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அவளைத் தடுத்தது மேல்சாதிக்காரன் மட்டும் அல்ல.

இதிலிருந்து சில வேலைகள் பிறக்கின்றன. குடிநீர்க் கோரிக்கை மனுக்களில் ஊருக்கும் காலனிக்கும் பொதுவான ஒரே தொட்டி என்ற வாசகத்தை விடாமல் எழுத வேண்டும். குளிக்கும் துறை, நீச்சல் குளம், கடற்கரை எல்லாம் 15ஆவது பிரிவுக்குள் வருகின்றன என்பதை வழக்கறிஞர் தோழர்கள் எடுத்துப் பேச வேண்டும். பழவேற்காட்டு ஏரியைக் காப்பாற்றுகிற மேடைகளில் கைப்பிடிப் பெண்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும், குலுக்கல் குடத்தில் அவர்கள் பெயரும் விழ வேண்டும். கொசஸ்தலை ஆற்றிலிருந்து சாம்பலை அள்ளச் சொல்லும்போது மீன் வளத்துக்காக மட்டும் கேட்காமல், எங்கள் பிள்ளைகள் குளிக்கவும் வேண்டும் என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும். ஒவ்வொரு கோடை முகாமிலும் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெள்ளம் அடிக்கடி வருகிற வடசென்னைக்கு அது உயிர் காக்கிற படிப்பும்கூட. ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் அனுமதி வாங்க வேண்டும் என்பதில்லை.

வாசகத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்க் குளத்தில், ஆற்றில், ஏரியில் எந்தத் துறை யாருக்கு என்று எழுதி அனுப்புங்கள். உங்கள் அம்மா எங்கே குளித்தார், எந்த நேரத்தில், யாருக்குப் பின்னால் என்று கேட்டு எழுதுங்கள். முதன்முதலாக எந்தத் தண்ணீரிலிருந்து உங்களை ஏறச் சொன்னார்கள், சொன்னது யார் என்பதையும் எழுதுங்கள். குடிநீருக்கு நம்மிடம் நிறைய மனுக்கள் இருக்கின்றன. குளித்ததற்கும் குளிக்க விடாததற்கும் சாட்சியங்கள் மிகக் குறைவு.